கண்டுபிடிக்கக் கூலி கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காப்பி குடித்துக்கொண்டே படியுங்கள். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். மிக்ஸி ரிப்பேருக்கும் போர் மோட்டார் ரிப்பேருக்கும் இதே கதைதான்.

இந்த மாதம் நம் பழைய மாணவர் குழுவில் இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள். "சார், வண்டியில கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. கீழ ஒரு சொட்டு கூட இல்ல. என்ன பண்ணலாம்?" பதில் சொல்ல ஆரம்பித்தேன், அது வளர்ந்து வளர்ந்து இங்கே வந்து நிற்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரில் கூலண்ட் மெதுவாகக் குறைந்தால், அது எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. பார்ட்ஸ் மாற்றுவது அதற்குப் பிறகு வருகிற சின்ன வேலை. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் பார்ட்ஸ் மாற்றுகிறார்கள், ஒழுக்கு நிற்கவில்லை என்றால் அடுத்த பார்ட்ஸ். இதற்காக எல்லோரும் மெக்கானிக்கைத் திட்டுகிறோம். நான் மெக்கானிக் பக்கம். பார்ட்ஸுக்கு நாம் காசு கொடுக்கிறோம், கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. கொடுக்கிற இடத்தில்தானே வேலை நடக்கும்?

முதலில் கொஞ்சம் பௌதிகம். தப்பிக்க முடியாது.

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைக்காதீர்கள். அது குக்கரின் வெயிட் மாதிரி. 1679ல் டெனிஸ் பாப்பின் என்பவர் ஆவியை அடைத்துச் சமைக்கிற பாத்திரம் ஒன்றைச் செய்தார், அதில் பாதுகாப்புக்கு ஒரு வால்வும் வைத்தார். ஒன்பதாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், யாருக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. அதே தத்துவம்தான் இங்கேயும். சின்ன கார்களின் மூடியில் பெரும்பாலும் 0.9 என்று போட்டிருக்கும். வெளிக்காற்றை விட அவ்வளவு கூடுதல் அழுத்தம் உள்ளே நிற்கும் வரை மூடி பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். கூலண்ட் கலந்தால் இன்னும் மேலே போகும். அழுத்தம் நின்றால்தான் இந்த வசதி. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் கூலண்ட் போவதோடு அழுத்தமும் நிற்காது. அப்போது அதே கூலண்ட் முன்னதாகவே கொதிக்க ஆரம்பிக்கும். போடிமெட்டு ஏறும்போது, ஏசி போட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது இது தெரியும்.

மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. இன்ஜின் சூடாகும்போது விரிந்து வெளியே போன கூலண்ட், பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் போய் நிற்கும். இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அந்த வால்வு வழியாகத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மூடியின் ரப்பர் கெட்டுப் போனாலோ, டப்பாவுக்குப் போகிற குட்டி டியூப் வெடித்திருந்தாலோ, கூலண்டுக்குப் பதில் காற்றை இழுக்கும். டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். "டப்பா ஃபுல்லா இருக்கு சார், பிரச்சினை இல்ல" என்று சொல்கிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். தனி ரேடியேட்டர் மூடி உள்ள பழைய வண்டிகளில், காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது அந்த மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். காலையில் மட்டும்தான். ஓடி வந்த வண்டியில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவில் ஒரு டிரைவர் இருக்கிறார், அவர் வலது கையைப் பார்த்தாலே போதும்.

டெம்பரேச்சர் முள் மேலே ஏறவில்லையே என்ற நிம்மதியும் வேண்டாம். சென்சார் கூலண்டில் நனைந்திருக்கும் வரைதான் அது சொல்வது உண்மை. கூலண்ட் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால், உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் சாதுவாக நடுவில் நிற்கலாம், கீழே கூட இறங்கலாம்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், பெயர் வேண்டாம், எட்டு மாதமாக வாரம் ஒரு முறை வீட்டுப் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். "அரை சொம்பு ஊத்தினா போதும் பெரியப்பா, ஒரு வாரம் ஓடும்" என்று பெருமையாகச் சொல்வான். போன சித்திரையில் வத்தலக்குண்டு தாண்டி ராத்திரி பத்து மணிக்கு வண்டி நின்றுவிட்டது. பின்சீட்டில் மூன்று வயதுக் குழந்தை. லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோடு. ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, நாற்பதாயிரத்துக்கு மேல் செலவு. காசு போகட்டும். அந்த ரோட்டோரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றதை அந்தப் பெண் இன்னும் மறக்கவில்லை.

வேகமான ஒழுக்கு நம்மைக் காப்பாற்றிவிடும். தரையில் குளம் கட்டும், புகை வரும், வண்டியை நிறுத்திவிடுவோம். மெதுவான ஒழுக்குக்கு நாம் பழகிவிடுகிறோம். ஊற்றுவது ஒரு வேலையாகி, பிறகு பழக்கமாகி, பிறகு அதை ஒரு கோளாறு என்றே நினைப்பதில்லை. ஊற்றுகிற தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தம் மூன்றரை லிட்டர் பிடிக்கும் வண்டி. வாரம் 150 மில்லி ஒழுகுகிறது, 150 மில்லி வெறும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பத்து வாரத்தில் உள்ளிருந்த கூலண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும். இருபது வாரத்தில் பாதிக்கும் மேல். நிறம் மட்டும் லேசாக இருக்கும், துருவைத் தடுக்கிற மருந்து மெலிந்து போயிருக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதற்கு உங்கள் வீட்டு ஹீட்டர் காயிலே சாட்சி. அந்த வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். நடுவழியில் வேறு வழியில்லாமல் ஊற்றினால் குற்றமில்லை. ஊருக்கு வந்ததும் வடித்துவிட்டு, கூலண்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது என் வண்டிக் கதை. 2009 மாடல், 2019ல் இரண்டாம் கையாக வாங்கினேன். பழைய சொந்தக்காரர் பல வருஷம் வெறும் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார் என்பது வாங்கி முதல் முறை வடித்தபோதே தெரிந்தது, காவி நிறத்தில் வந்தது. போன வருஷம் ஆடி மாசம் டப்பாவில் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. மார்க்கர் பேனாவால் டப்பாவில் கோடு போட்டேன். தினமும் காலை ஆறரைக்கு, ஸ்டார்ட் பண்ணும் முன், பார்த்து நோட்டில் எழுதினேன். ஞாயிறு தோறும் பெரிய சிரிஞ்சில் அளந்து கோடு வரை ஊற்றினேன். 140, 160, 150 மில்லி. வாத்தியார் புத்தி என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அந்த மூன்று எண்கள் முக்கியம். ஒரே அளவில் போகிறது, கூடவில்லை, ஓடுகிற வண்டியில் போகிறது. ஊருக்குப் போய் ஒரு வாரம் வண்டியை எடுக்காதபோது குறைவு ஏறத்தாழ இல்லை.

தரையில் ஒன்றும் இல்லை. ஏசி போட்டால் இடது பக்கம் தண்ணீர் சொட்டும், அது எல்லா வண்டியிலும் சொட்டுகிற வெறும் தண்ணீர். சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். கூலண்டுக்கு நிறம் உண்டு, விரலில் வழவழப்பாக இருக்கும், தித்திப்பான ஒரு வாசனை வரும். வாயில் வைத்துப் பார்க்கிற பழைய டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யவே செய்யாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிச் செத்துப் போகும். வடித்த கூலண்டைச் சாக்கடையில் விடாமல், தெருவில் விடாமல், கேனில் மூடி வையுங்கள்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் கிளாம்ப் எல்லாம் இறுக்கிவிட்டு, புது மூடி போட்டார்கள். நியாயமான ஆரம்பம்தான், குறைவு நிற்கவில்லை. இரண்டாவது இடத்தில் "வாட்டர் பம்ப் போயிருக்கும் சார்" என்றார்கள். "போயிருக்கும்" என்ற சொல்லை கவனியுங்கள். வாட்டர் பம்ப் சீல் கெட்டால், அதற்கென்றே விட்டிருக்கிற ஒரு சின்னத் துளை வழியாகக் கசியும், அங்கே கறை இருக்கும். "தம்பி, அந்தத் துளையில கறை இருக்கா, காட்டுங்க" என்றேன். பார்த்துவிட்டு, "கறை இல்ல சார், ஆனா பழைய வண்டி, மாத்திடுறது நல்லது" என்றார். மூன்றாவது, பெரிய இடம். கண்ணாடிக் கதவு, ஏசி ரூம், காப்பி. பானெட்டைத் திறந்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கெட், 18,000 ரூபாய், மேலே என்ன வருகிறதோ அது தனி என்று பேப்பரில் அடித்துக் கொடுத்தார்கள்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அடையாளங்கள் உண்டு. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த டீ மாதிரி படிந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணின சில நொடிகளிலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்துப் போகும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும். இதில் எதையும் பார்க்கக் காசு தேவையில்லை. என் வண்டியில் ஒன்று கூட இல்லை. புகை வாயு கூலண்டில் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நீல நிறத் திரவம் வைத்துச் செய்கிற சோதனையும் இருக்கிறது, கலந்திருந்தால் மஞ்சளாகும். டைட்ரேஷன் செய்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளையாட்டு.

இதற்கு நடுவில் மருமகன், "வித்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம் மாமா" என்றார். தம்பி, ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடச் சொன்னான். அது நம் ஊர் டிரைவர்களின் பழைய கைவைத்தியம், ஓட்டையை அடைக்கும். கடையில் விற்கிற ஒழுக்கு அடைக்கும் பவுடரும் அதே ஜாதிதான். அடைக்க வேண்டிய ஓட்டை எது, அடைக்கக் கூடாத குழாய் எது என்று பவுடருக்குத் தெரியாது. இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொன்னார், "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்று. ஒழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியில் என் பழைய மாணவன் ஒருவன் வைத்திருக்கிற ஷெட்டுக்குப் போனேன். தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கிற இடம். பத்தாம் வகுப்பில் என்னிடம் ஏகப்பட்ட அடி வாங்கியவன், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நோட்டைக் காட்டினேன். எண்களைப் பார்த்துவிட்டு, "சார், வண்டிய ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. ஆறின இன்ஜின்ல பாக்கணும்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்கே நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

காரணம் இதுதான். ஓடுகிற இன்ஜினில் சின்னக் கசிவு சூடான இரும்பில் பட்டவுடன் ஆவியாகிவிடும், தரைக்கு வந்து சேராது. சூட்டில் உலோகம் விரிவதால் சில இடுக்குகள் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. ஆறின பிறகு பார்த்தால் அழுத்தம் இல்லை, கசிவும் இல்லை. ஆகவே ஆறின இன்ஜினில் அழுத்தத்தை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கைப்பம்பு இருக்கிறது, சைக்கிள் பம்பு மாதிரி, மேலே ஒரு மீட்டர். ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்தில் அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கிற அளவு வரை அடிக்க வேண்டும், அதற்கு மேல் அடிக்கக் கூடாது. முள் அப்படியே நின்றால் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால் எங்கேயோ போகிறது.

காலையில் நான் போனபோது பம்பை மாட்டி 0.9 வரை அடித்தான். இருபது நிமிஷத்தில் 0.6. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹோஸ் முனைகளைத் தடவினான், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்கிற மடிப்பு முழுக்க டிஷ்யூ பேப்பரை ஒற்றினான், முன்சீட்டில் கால் வைக்கிற இடத்துக் கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தான், ஹீட்டர் ஒழுகினால் அங்கேதான் வரும். எல்லாம் காய்ந்திருந்தது. மறுபடி 0.9. அட்டையைக் கீழே விரித்துப் படுத்து, டார்ச்சும் பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒரு கண்ணாடியும் வைத்து இன்ஜினின் பின்பக்கம் பார்த்தான். முக்கால் மணி நேரம். "சார், இங்க வாங்க." வாட்டர் பம்புக்குப் போகிற இரும்புக் குழாய் ஒன்று இன்ஜினுக்குப் பின்னால் ஓடுகிறது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் வளைவில் மிளகு அளவு துரு, சுற்றிலும் காய்ந்த உப்பு மாதிரி இளம் பச்சைப் பொருக்கு, நடுவில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. அது விழ இரண்டு நிமிஷம் ஆனது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

குழாய் 600 ரூபாய். ஓ ரிங், கிளாம்ப் 150. கூலண்ட் 900. மாட்டக் கூலி 700. இதுதான் அவன் எழுதின பில். கண்டுபிடித்ததற்கு ஒன்றும் போடவில்லை. "அதுக்கு என்ன சார், பாக்கத்தானே செஞ்சேன்" என்றான். தனியாக 500 எழுத வைத்து, 2,850 கொடுத்துவிட்டு வந்தேன். மருமகனுக்குச் சொன்னேன். "சும்மா படுத்துப் பாத்ததுக்கு ஐநூறா மாமா?" என்றார். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, மாதம் முழுக்க கம்ப்யூட்டரில் மற்றவர்கள் எழுதினதில் பிழை கண்டுபிடித்துத்தான் சம்பளம் வாங்குகிறார்.

இதுதான் நான் சொல்ல வந்தது. விடைத்தாள் திருத்தும்போது சூத்திரத்துக்கு ஒரு மார்க், பிரதியிட்டதற்கு ஒரு மார்க், விடைக்கு ஒரு மார்க் என்று போடுவோம். விடை தப்பானாலும் வழி சரியென்றால் மார்க் உண்டு. மெக்கானிக்குக்கு மட்டும் விடைக்குத்தான் மார்க். அதுவும் கையில் தூக்கிக் காட்டுகிற மாதிரி ஒரு பழைய பார்ட்ஸ் இருந்தால்தான். மூன்று மணி நேரம் தேடிவிட்டு "ஒரு கிளாம்ப் லூஸ், முடுக்கிட்டேன்" என்று உண்மை சொல்கிறவனுக்கு ஐம்பது ரூபாய். தேடாமல் வாட்டர் பம்பை மாற்றுகிறவனுக்கு நாலாயிரம். எந்தப் பாடத்தை நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்? அந்த இரண்டாவது ஒர்க்‌ஷாப் தம்பி கெட்டவர் இல்லை. படுத்துத் தேடினால் அவருக்கு அன்று கூலி இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மாணவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்: "காசும் வாங்கிட்டு, கண்டுபிடிக்கலன்னா?" நியாயமான கேள்வி. எங்கெங்கே பார்த்தாய், எவ்வளவு அழுத்தம் கொடுத்தாய், முள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். இது இல்லை, இது இல்லை என்று ஐந்து இடத்தைக் கழித்துத் தந்தால் அதுவும் விடைதான், அடுத்தவர் ஆறாவது இடத்தில் ஆரம்பிப்பார். ஒன்றும் சொல்ல முடியாதவருக்குக் கொடுக்காதீர்கள். டாக்ஸி ஓட்டுகிற பிள்ளைகள் "ஒரு ராத்திரி வண்டிய விட்டா அன்னைக்கு வருமானம் போச்சு சார்" என்பார்கள். அது உண்மையான கஷ்டம், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சவாரி குறைவாக இருக்கிற நாளில் விடுங்கள் என்பதைத் தவிர.

முதலில் கேட்ட இருவருக்கும்: இன்றைக்கே டப்பாவில் கோடு போடுங்கள். இரண்டு வாரம் காலையில் பார்த்து எழுதுங்கள். ரேடியேட்டர் மூடியையும் காலையில் திறந்து பாருங்கள். பிறகு அந்த நோட்டோடு மெக்கானிக்கிடம் போய், "எங்க போகுதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, அதுக்குத் தனியா தர்றேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். அதற்குள் மலை ஏறுகிற பயணம் ஏதும் வேண்டாம்.

நான் இப்போது அந்தக் கைப்பம்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நாலைந்து விதமான மூடிக்குப் பொருந்துகிற வளையங்களோடு. தேனி, போடி, பெரியகுளம் பக்கம் இருக்கிறவர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகலாம், உங்கள் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். லைப்ரரி புத்தகம் மாதிரி ரிஜிஸ்டரில் கையெழுத்து உண்டு. ஒரு வாரத்தில் திருப்பித் தராதவர்கள் பெயரை இங்கேயே எழுதுவேன்.